எத்தனை இன்ச்?

போன மாதம் ஒரு ராத்திரி 11 மணிக்கு அக்கா மகன் வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பினான். கறுப்பு அலகு, முதுகில் ரம்பப் பல், பிடியில் பச்சைக் கயிறு சுற்றிய 7 இன்ச் கத்தி. நண்பர்களோடு ஜவ்வாது மலைக்குப் போகிறார்களாம். "மாமா, இது ஓகேவா, இல்ல 10 இன்ச் எடுக்கட்டுமா?" தூக்கக் கலக்கத்தில் "மூணரை இன்ச் போதும், படு" என்று பதில் போட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தேன். அத்தோடு தூக்கம் போய்விட்டது. மூணரை என்று அவ்வளவு நிச்சயமாக எப்படிச் சொன்னேன்? ஏன் ஐந்து இல்லை? காலையில் பார்த்தால் அவன் ஒரே ஒரு கேள்விக்குறி அனுப்பியிருந்தான். அதற்குப் பதில் எழுத உட்கார்ந்து, அது வாட்ஸாப்பில் அடங்காமல் இங்கே வந்து நிற்கிறது.

எங்கள் வீட்டில் கத்தி என்றால் அம்மா வைக்கிற பரீட்சை ஒன்றுதான். நான் எந்தக் கத்தியைக் கொண்டுவந்து காட்டினாலும் கையில் வாங்க மாட்டார். கைக்குக் கை கத்தி கொடுத்தால் சண்டை வரும், கீழே வைத்துத்தான் எடுக்க வேண்டும். தரையில் வைக்கச் சொல்லி, நின்றபடியே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இத வச்சி தேங்கா ஒடைக்க முடியுமா?" என்பார். முடியாது. "அப்ப எதுக்கு?" விசாரணை முடிந்தது.

அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. காய்க்கும் மீனுக்கும் அவரிடம் அருவாமனை இருக்கிறது, தேங்காய்க்கும் விறகுக்கும் கொடுவா இருக்கிறது. அருவாமனையில் கத்தி அசையாது, காய்தான் அசையும். ரெண்டு கையும் காயைப் பிடித்துக்கொள்ளும், காலோ தொடையோ மனைக்கட்டையை அழுத்திக்கொள்ளும். கத்தி எத்தனை இன்ச் என்று யாரும் கேட்பதே இல்லை, ஏனென்றால் ஒரு முழப் பூசணிக்காயாக இருந்தாலும் திருப்பித் திருப்பித் தள்ளினால் அறுந்துவிடும். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் காலை நேரத்தில் போய் நின்றால் தெரியும், வஞ்சிரத்திலிருந்து கவலை வரைக்கும் ஒரே அருவாமனையில்தான் போகிறது. ஆக, அளவு என்கிற கேள்வியே வீட்டு வாசலைத் தாண்டினால்தான் வருகிறது. கையில் பிடித்துக்கொண்டு போகிற கத்திக்குத்தான் இன்ச் கணக்கு. அந்தக் கணக்கை நான் தப்பாகப் போட்டு ஒரு மாட்டின் கழுத்தருகே நின்ற கதையை இதுவரைக்கும் எழுதியதில்லை.

தானே புயல் அடித்த காலை

2011 டிசம்பர் 30. இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தேதியைச் சொன்னாலே போதும். அதற்கு ரெண்டு வருஷம் முன்னால் சென்னையில் ஒரு நடைபாதைக் கடையில் 650 ரூபாய் கொடுத்து ஒரு கத்தி வாங்கியிருந்தேன். 7 இன்ச், முதுகில் ரம்பப் பல், உள்ளே பொள்ளலான பிடி. பிடியின் மூடியைத் திருகினால் ஒரு குட்டித் திசைகாட்டி, நாலு தீக்குச்சி, தூண்டில் நரம்பு, ஒரு முள். காட்டில் தொலைந்துபோனால் பிழைத்துக்கொள்ளலாம் என்று கடைக்காரர் சொன்னார். கடலூரில் தொலைந்துபோகிற அளவுக்குக் காடு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. அலமாரிக்கு மேல் ரெண்டு வருஷம் கிடந்தது. புயல் வருகிறது என்றதும் எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டேன், இந்த ராத்திரிக்காகத்தான் அது காத்திருந்த மாதிரி.

நள்ளிரவுக்கு மேல் பிடித்த காற்று விடிந்தும் விடவில்லை. மணிக்கு 140 கிலோமீட்டர் என்று பிறகு பேப்பரில் படித்தோம், அந்த நேரத்தில் அது எண்ணாகத் தெரியவில்லை, ஓலமாகத்தான் கேட்டது. எங்கள் வீடு தேவனாம்பட்டினம் போகிற வழியில். அப்போது ஒரு பசுவும் கன்றும் வைத்திருந்தோம், பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. ஆறு மணி வாக்கில் பக்கத்து மனையிலிருந்த முருங்கை அப்படியே கொட்டகைமேல் சாய்ந்தது. முருங்கை பார்க்கத்தான் பெரிசு, உள்ளே தெர்மாக்கோல் மாதிரி, ஆனால் அது விழுந்த வேகத்தில் கொட்டகையின் குறுக்குக் கட்டையும் ஓடுகளும் இறங்கிவிட்டன. கன்று எப்படியோ வெளியே வந்துவிட்டது. பசுவைக் கட்டிய முளைக்குச்சி கட்டைக்கு அடியில் மாட்டிக்கொண்டது. அது திமிறத் திமிற நைலான் கயிறு கழுத்தில் இறுகிக்கொண்டே போனது.

நான் என் கத்தியை எடுத்துக்கொண்டு போனேன். முதலில் வழியை மறித்த கிளையில் ஓங்கி ஒரு போடு, ரெண்டாவது போடு. மூன்றாவதில் அலகு பிடிக்குள் ஆடியது. கையில் பிடி ஒரு பக்கம், அலகு இன்னொரு பக்கம் பார்த்தது. பொள்ளல் பிடிக்குள் அலகின் வால் ஒரு இன்ச்கூட இல்லை, ஒரு சின்ன நட்டில் நின்றுகொண்டிருந்தது என்பது பிறகு கழற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. சரி, கிளையை உடைத்துப் போட்டுவிட்டு எப்படியோ குனிந்து உள்ளே போனேன். இப்போது கயிற்றை அறுக்க வேண்டும். கயிற்றுக்கும் கழுத்துக்கும் நடுவில் ஒரு விரல் நுழையும், அவ்வளவுதான் இடம். என் கையில் 7 இன்ச் நீளம், முதுகில் பல், ஆடுகிற அலகு. கூர்ப்பக்கத்தைக் கயிற்றுக்கு வைத்தால் ரம்பப் பல் மாட்டின் தோலில் படுகிறது. அது தலையை உதறுகிறது, கத்தியின் முனை எங்கே இருக்கிறது என்பதே எனக்குத் தெரியவில்லை, மழை கண்ணில் அடிக்கிறது. முனை என் கையிலிருந்து அவ்வளவு தூரத்தில் இருந்தது. அதன் கழுத்துக்குள் போய்விட்டால் என்ன செய்வது என்று அப்படியே நின்றுவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பயந்து நிற்கிற ஆளுக்கு அரை நிமிஷமும் பத்து நிமிஷமும் ஒன்றுதான்.

பக்கத்து வீட்டுச் சித்தப்பா வந்தார். சொந்தச் சித்தப்பா இல்லை, தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். கடல் தொழில் செய்தவர். என்னையும் என் கத்தியையும் பார்த்துவிட்டு, "மாட்ட அவுக்கப் போறியா, அறுக்கப் போறியா? அப்பால போ தம்பி" என்றார். இடுப்பிலிருந்து ஒன்றை எடுத்தார். ஆக்சா பிளேடைச் சாணையில் தேய்த்துச் செய்தது, பிடிக்குச் சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது. வலை அறுக்க, நரம்பு அறுக்க, மீன் வயிறு கிழிக்க வைத்திருப்பது. ஆள்காட்டி விரலை அலகின் முதுகில் நீளவாக்கில் வைத்துக்கொண்டார். விரல் நுனியும் கத்தி முனையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நின்றன. அந்த விரலைத்தான் முதலில் கயிற்றுக்கு அடியில் விட்டார், கத்தி அதன் கூடவே போனது. கூர்ப்பக்கத்தை வெளிப்பக்கம் திருப்பி ஒரு இழுப்பு. கயிறு போய்விட்டது. பசு என்னை இடித்துத் தள்ளிவிட்டு வெளியே ஓடியது, சித்தப்பா கத்தியை லுங்கியில் துடைத்து இடுப்பில் சொருகிக்கொண்டு அடுத்த வீட்டுக் கூரையைப் பார்க்கப் போய்விட்டார். நன்றி சொன்னேனா என்றுகூட நினைவில்லை.

அந்த விரலைத்தான் நான் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். பிறகு ஒரு நாள் கேட்டு வாங்கி அளந்து பார்த்தேன், அலகு 3 இன்ச்சுக்குக் கொஞ்சம் மேல். என் ஆள்காட்டி விரலை வைத்தால் அதே அளவு. முனை எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே தெரிய வேண்டுமென்றால் அது விரல் எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும். இவ்வளவுதான் விஷயம். விரலைத் தாண்டிப் போகிற ஒவ்வொரு இன்ச்சையும் கண்ணால்தான் கவனிக்க வேண்டும், கை கவனிக்காது.

அடுத்த ரெண்டு வாரம் கரண்ட் இல்லாமல் தெருத் தெருவாக மரம் அகற்றினோம். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாக வேரோடு கிடந்ததை இங்கே விவரிக்கப் போவதில்லை, அதைப் பார்த்தவர்களுக்கு வேண்டாம், பார்க்காதவர்களுக்குச் சொல்லிப் புரியாது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அந்த ரெண்டு வாரமும் கைகளில் இருந்தவை கோடாலி, கொடுவா, மோட்டார் ரம்பம், அப்புறம் இடுப்பில் சொருகிய சின்னக் கத்திகள். நடுவாந்திரமாக 7 இன்ச், 8 இன்ச் கத்தி ஒருவரிடமும் இல்லை. அந்த அளவுக்கு இங்கே வேலையே இல்லை போலிருக்கிறது.

பெரிய கத்திக்காரர்கள் சொல்வது

இதைச் சொன்னால் உடனே ஒரு வாதம் வரும், என் அக்கா மகனும் அதைத்தான் வீடியோ லிங்க்கோடு அனுப்பினான். வெளிநாட்டுக் காட்டில் ஒருத்தர் கத்தியை விறகுமேல் வைத்து, அதன் முதுகில் இன்னொரு கட்டையால் அடித்து விறகைப் பிளக்கிறார். அதற்கு நீளம் வேண்டும்தான். கட்டையின் குறுக்களவைத் தாண்டி ரெண்டு இன்ச்சாவது வெளியே நீட்டிக்கொண்டிருந்தால்தானே மேலும் அடிக்க முடியும், ஆக 3 இன்ச் விறகுக்கு 5, 6 இன்ச் கத்தி. கணக்கு சரி. ஆனால் அவர் பிளப்பது பைன் மரம், நேர் நாராக வெடித்துக் கொடுக்கும். இங்கே நம்மிடம் இருப்பது சவுக்கு. சவுக்கைக் கத்தியில் பிளக்க நினைத்தால் கத்தி பிளந்துவிடும். சவுக்கு மிளாறைப் பொறுக்கினாலே அடுப்பு எரியும்போது அதைப் பிளப்பானேன்?

இதில் இன்னொரு வேடிக்கை. அந்தப் பைன் காட்டு ஆட்களே அப்படிப் பெரிய கத்தி வைத்துக்கொள்வதில்லை. ஸ்வீடன் நாட்டு மோரா கத்தியைத் தச்சரிலிருந்து காட்டில் நடக்கிறவர் வரைக்கும் வைத்திருப்பார்கள், அதில் ரொம்பப் பிரபலமான மாடலின் அலகு 10 சென்டிமீட்டர் சொச்சம், கனம் 2.5 மில்லிமீட்டர். பெரிய வேலைக்கு அவர்களிடம் கோடாலி இருக்கிறது. நீள அலகு வேண்டியிருப்பது பச்சைக் கொடியும் புதரும் மண்டிக் கிடக்கிற ஊர்களில். மலேசியாவில் பராங், நேபாளத்தில் குக்ரி, நமக்குக் கொடுவா. கொடுவாவின் முனை வளைந்திருப்பதும் அதற்குத்தான், கிளையை இழுத்துப் பிடித்து வெட்டும், முனை தரையில் குத்தி மழுங்காது. எடை முழுக்க முன்னால் இருப்பதால் தோள் ஓங்கினால் போதும், வெட்டுவதை அதுவே பார்த்துக்கொள்ளும். அதே எடையைப் பின்னுக்குத் தள்ளி, முனையைக் கூராக்கி, முதுகில் பல் வைத்து, கறுப்புச் சாயம் பூசினால் என் அக்கா மகனின் ஆன்லைன் கூடையில் கிடக்கிற கத்தி. அது வெட்டவும் வெட்டாது, நறுக்கவும் நறுக்காது. நாலு மில்லிமீட்டர், அஞ்சு மில்லிமீட்டர் கனத்தில் கேரட் நறுக்கிப் பாருங்கள், கேரட் அறுபடாது, ஆப்பு வைத்த மாதிரி டப்பென்று உடைந்து பறக்கும். நீளத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள், பாதிப் பிரச்சினை கனத்தில் இருக்கிறது.

நம்பர் 8

இப்போது என்னிடம் இருப்பது பிரான்சிலிருந்து வந்தது. புதுச்சேரியில் என் நண்பனின் அப்பா சொல்தா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், வருஷத்தில் பாதி அங்கே. நாங்கள் பெரியப்பா என்போம். சாப்பாட்டு மேசையில் அவருக்குத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு மடக்குக் கத்தி இருக்கும். ரொட்டியை அறுப்பார், அதிலேயே மாம்பழத்தைச் சீவுவார், துடைத்து மடக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். ஒப்பினெல் கம்பெனிக் கத்தி. 1890இல் சவுவா மலைப் பகுதியில் ஜோசப் ஒப்பினெல் என்கிற இளைஞர் செய்ய ஆரம்பித்தது. 1897இல் ஒன்று முதல் பன்னிரண்டு வரை நம்பர் போட்டு பன்னிரண்டு அளவில் விற்றிருக்கிறார்கள். பிறகு ஒன்றையும் பதினொன்றையும் நிறுத்திவிட்டார்கள். ஆக மனிதனுக்கு எந்த அளவு வேண்டும் என்று கண்டுபிடிக்க எல்லா அளவையும் செய்து கடையில் வைத்துவிட்டு, நூறு வருஷத்துக்கு மேல் காத்திருந்து பார்த்த மாதிரி. ஜனங்கள் அதிகம் கேட்டு வாங்குவது நம்பர் 8. அலகு 8.5 சென்டிமீட்டர். அதாவது 3 இன்ச்சுக்குக் கொஞ்சம் மேல். சித்தப்பாவின் ஆக்சா பிளேடுக் கத்தியும் அதுவும் ஒரே அளவு என்று எனக்கு உறைத்தபோது கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பெரியப்பா ஊருக்கு வரும்போது எனக்கொன்று கொண்டு வந்தார். எடை 50 கிராமுக்குள், கனம் 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. குறை சொல்லாமல் விடக் கூடாது, சொல்கிறேன். நான் கேட்டது கார்பன் எஃகு, கூர் நன்றாக ஏறும் என்பதற்காக. இந்த உப்புக் காற்றில் ஒரு ராத்திரி ஈரத்தோடு விட்டால் காலையில் செம்புள்ளி. மாங்காய் நறுக்கினால் அலகு நீலமும் கறுப்புமாக ஆகிவிடும், அது துரு இல்லை, நல்லதுதான், ஆனால் மாங்காய்த் துண்டில் முதல் சில நாள் இரும்பு வாடை அடிக்கும். தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்து வைத்தால் அடங்கும். அப்புறம் பிடி பீச் மரம். ஐப்பசி, கார்த்திகை வந்தால் ஈரத்தைக் குடித்து உப்பி அலகை இறுக்கிக்கொள்ளும், நகத்தால் திறக்கவே முடியாது. பிடியின் பின்முனையை மேசையில் ரெண்டு தட்டுத் தட்டினால் அலகு லேசாக எட்டிப் பார்க்கும், அதைப் பிடித்து இழுக்க வேண்டும். அடைமழையில் அவசரத்துக்கு உதவாத கத்தி என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்வேன். உள்ளூர்க் கொல்லரிடம் சொல்லி மடக்காத கத்தியாக இதே அளவில் ஒன்று அடித்து வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. வெளியூர் போனால் மடக்காததே நல்லது, சட்டைப் பைக்கு மடக்குவது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நாலு பேர் கெடிலம் கடலில் சேருகிற பக்கம் தூண்டில் போடப் போவோம். எப்போதாவது ஒரு கொடுவா மாட்டும் (மீன் கொடுவா, வெட்டுகிற கொடுவா இல்லை, வெளியூர்க்காரர்கள் குழம்புவார்கள்). ஒரு கிலோ மீனை மணலிலேயே வயிறு கிழித்துச் சுத்தம் செய்ய நம்பர் 8 தாராளம். முனை வயிற்றுக்குள் எங்கே போகிறது என்று விரலுக்குத் தெரிகிறது, பித்தப்பை உடைவதில்லை. துண்டு போட முடியாது, முள்ளெலும்பில் அலகு நழுவும், அது வீட்டில் அம்மாவின் அருவாமனை வேலை. பலாவுக்கு 3 இன்ச் எப்படிப் போதும் என்று கேட்கலாம். காடாம்புலியூர்ப் பக்கம் ரோட்டோரம் பழம் விற்கிற அம்மா ஒருவர் பத்துப் பதினைந்து கிலோ பழத்தைச் சின்னக் கத்தியால்தான் சுற்றி வகிர்ந்தார். அலகிலும் ரெண்டு கையிலும் எண்ணெய். கத்தி தோலையும் கொஞ்சம் சதையையும் மட்டும் பார்த்தது, மீதியைக் கை பிளந்தது. பழத்தைவிடக் கத்தி நீளமாக இருக்க வேண்டும் என்பது மேசையில் வெட்டுகிறவர்களின் விதி.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் நீளம் குறைவாகப் படுகிறது, அது பிடி. அலகைச் சின்னதாக்கும்போது பிடியையும் சின்னதாக்கிவிடுகிறார்கள். கடைகளில் கிடைக்கிற பேனாக்கத்திகளில் மூன்று விரல்தான் உட்காரும், சுண்டுவிரல் காற்றில் நிற்கும். பத்து நிமிஷம் வேலை செய்தால் உள்ளங்கையில் வலி. அலகு எவ்வளவு சின்னதாகவும் இருக்கட்டும், நாலு விரலும் பிடியில் உட்கார வேண்டும்.

பைக்குள் கை விட்டவர்

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கு, திரும்பும் வழியில் செக்போஸ்ட் போலீஸிடம் பையைத் திறந்து காட்டிப் பழக்கம் இருக்கும், எதைத் தேடுகிறார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாள் பாட்டிலைத் தேடிய கைக்குக் கத்தி அகப்பட்டது. "எதுக்குப்பா இது?" "மாங்கா நறுக்க சார்." சாப்பாட்டுப் பையில் நிஜமாகவே ஒரு மாங்காய் இருந்தது, என் நல்ல நேரம். அவர் கத்தியைத் திறந்து, பெருவிரலால் கூரைத் தடவிப் பார்த்து, "எங்க வாங்குன?" என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அதே பையில் அந்த 7 இன்ச் ரம்பப் பல் இருந்திருந்தால் எத்தனை மாங்காய் காட்டினாலும் நம்பியிருப்பாரா? ஆயுதச் சட்ட விதிகளில் 9 இன்ச்சுக்கு மேல் நீளம் அல்லது 2 இன்ச்சுக்கு மேல் அகலம் என்று ஒரு வரம்பு இருக்கிறது, வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்த கருவிகள் அதில் சேராது. சட்டப்படி பார்த்தால் 7 இன்ச் அந்த வரம்புக்குள்தான். ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு டார்ச் அடிக்கிறவர் ஸ்கேல் வைத்து அளக்க மாட்டார், என் முகத்தையும் கத்தியையும் மாறி மாறிப் பார்ப்பார். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் குழந்தையோடு உட்கார்ந்திருக்கிற பெண்ணும் அப்படித்தான் பார்ப்பார். நான் ஆரஞ்சு உரிக்கத் திறந்த கத்தியைப் பார்த்து ஒருவர் இடம் மாறி உட்கார்ந்தால் அது என் தப்பு.

இதையெல்லாம் பாதி எழுதி முடித்தபோது அக்கா மகனே நேரில் வந்துவிட்டான். கூடையில் இருந்ததை இன்னும் வாங்கவில்லையாம். நம்பர் 8ஐக் கீழே வைத்தேன், எடுத்தான். அவன் கை என்னைவிடப் பெரியது, ஆள்காட்டி விரலை அலகின் முதுகில் வைத்துப் பார்த்தான், நகம் முனையைத் தாண்டி நின்றது. "சின்னதா இருக்கு மாமா." உனக்கு நம்பர் 9 அல்லது 10, நாலு இன்ச்சுக்குள் என்றேன். அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றார். தரையைப் பார்த்தார், அவன் கையைப் பார்த்தார்.

"இத வச்சி தேங்கா ஒடைக்க முடியுமாடா?"

"அதுக்குத்தான் கொடுவா இருக்கே ஆயா."

"இருக்கு. ஒன் மாமன் ரெண்டு நாளைக்கி முன்னால மட்ட வெட்டன்னு எடுத்துகினு போனான், இன்னும் வரல. எங்கடா வச்ச?"

மொட்டை மாடியில். முந்தின ராத்திரி பெய்த மழை முழுக்க அதன்மேல்.